கிளட்ச் பெடல் இளகிவிட்டால் உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, என்னுடையது பத்து வருடப் பழைய டீசல் கார். காலையில் வண்டி எடுக்கும்போது கிளட்ச் பெடல் பாதி தூரம் வரைக்கும் காலியாக இறங்குகிறது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால் கெட்டியாகிவிடுகிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று உரசுகிறது. ரோட்டில் ஓடும்போது பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. ஒர்க் ஷாப்பில், கிளட்ச் செட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார்கள். இறக்கச் சொல்லலாமா?"

இப்போதைக்கு இறக்க வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு கிளட்ச் பிளேட்டில் இல்லை. பெடலில் இருந்து கிளட்ச் வரைக்கும் போகிற ஆயில் லைனில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடித்து மிதித்தால் சரியாகிறது என்கிறீர்களே, அது பெரிய தடயம். தேய்ந்துபோன பிளேட் எத்தனை தடவை மிதித்தாலும் அப்படியேதான் இருக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் கெட்டியாகிறது என்றால், ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது, இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் விட்டுப்போயிருக்கிறது. பிக்கப் குறையவில்லை என்பது பிளேட் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்பதற்குச் சாட்சி.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கியர்பாக்ஸை இறக்கி, புது கிளட்ச் செட் போட்டு, திரும்ப ஏற்றி, கடைசியில் அதே ரிவர்ஸ் உரசலோடு திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். செட்டும் கூலியும் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம். கால் மணி நேரம் ஒதுக்கிப் பெடலையும் அதன் வழியையும் பார்த்தாலே அந்தச் செலவு தேவையா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சேர்ந்து ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடித்திருக்கிறது. அழுத்தம் கொடுப்பது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்ப்ரிங். நீங்கள் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்ப்ரிங்கின் விரல்களைத் தள்ளும். பிடி விடும், பிளேட் தனியாகும், கியர் மாற்றலாம். காலை எடுத்தால் பழையபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே கோளாறும் இரண்டு வகைதான். ஒன்று, மிதித்தும் பிடி முழுதாக விடுவதில்லை. இதனால் கியர் விழாது, ரிவர்ஸ் உரசும், மிதித்திருக்கும்போதே வண்டி மெல்ல நகரப் பார்க்கும். இன்னொன்று, காலை எடுத்தும் பிடி முழுதாக விழுவதில்லை. எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி ஓடாது. இதைத்தான் ஸ்லிப் என்கிறோம். உங்களுடையது முதல் வகை. ஒர்க் ஷாப்பில் சொன்ன வைத்தியம் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கானது.

பிடி விடாத கோளாறுதானா என்று உறுதி செய்துகொள்வது சுலபம். எஞ்சின் ஓடாதபோது எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வெண்ணெயாக விழுகிறதா? பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து அதே கியர்களைப் போட்டுப் பாருங்கள். இப்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள், கிளட்ச் விடவில்லை. ரிவர்ஸுக்கு இன்னொரு சோதனை உண்டு. பெடலை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கிற அமைப்பு, கிடையாது. மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியிலும் லேசாக உரசலாம், ஏனென்றால் உள்ளே ஷாஃப்ட் சுற்றி ஓயக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஐந்து விநாடி கழித்தும் உரசினால் அந்த ஷாஃப்ட்டை எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் பெடலுக்குக் கீழே கிடக்கிற மேட்டைத் தூக்கி வெளியே போடுங்கள். கம்பெனி மேட்டுக்கு மேலே ரப்பர் மேட், அதற்கு மேலே இன்னொன்று என்று அடுக்கி வைத்திருக்கிற கார்கள் ஏராளம். பெடல் முழுதாக இறங்காவிட்டால் கிளட்ச் முழுதாக விடாது. அந்த ஒரு விரல்கடை உயரமே ரிவர்ஸை உரச வைக்கும்.

சரி, இப்போது ஆயில் லைன். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிறைய கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் சேர்த்து ஒரே டப்பாதான். அதில் இருந்து கிளட்சுக்குப் போகிற குழாய் பிரேக்கின் வாயைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். கிளட்ச் லைன் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே அளவு குறைந்தால் முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். அளவு மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எங்கேயாவது ஒழுகுகிறதா? பிரேக் பேட் தேய்ந்துவிட்டதா? பேட் தேயத் தேய டப்பாவில் அளவு தானாக இறங்கும். எதையும் பார்க்காமல் மேலே ஊற்றி மூடிவிடுவது, குறிப்பாகப் பிரேக்கும் அதே டப்பாவில் இருக்கும்போது, ஆபத்து.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளுகிற சிலிண்டர். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தலையைப் பெடலுக்கு அடியில் கொண்டுபோய் மல்லாந்து படுக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் கிளட்ச் பெடலில் இருந்து ஒரு கம்பி தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போவது தெரியும். அது புஷ்ராடு. அது நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும். வெள்ளைத் துணியோ டிஷ்யூ பேப்பரோ எடுத்து அந்த உறையைச் சுற்றியும், அதற்குக் கீழே சுவரிலும், பெடலின் தண்டிலும் ஒற்றி எடுங்கள். உலர்ந்த தூசி மட்டும் வந்தால் நல்லது. ஈரம் வந்தால், சுவரில் பெயின்ட் பொங்கி உரிந்திருந்தால், கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் பிசுபிசுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய்விட்டது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், அதனால் பொங்கிய பெயின்ட் நல்ல அடையாளம்.

பிறகு ஸ்லேவ் சிலிண்டர், அதாவது அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கிற சிலிண்டர். பெரும்பாலும் கியர்பாக்ஸின் மேலேயோ பக்கத்திலேயோ, குழாய் வந்து சேருகிற இடத்தில் இருக்கும். அதற்கும் ஒரு ரப்பர் தொப்பி உண்டு. அதன் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் பைய விலக்கிப் பாருங்கள். உள்ளே தேங்கி நின்ற ஆயில் ஒரு சொட்டாக வெளியே வந்தால் விஷயம் முடிந்தது. வருவது பிரேக் ஆயில்தானா என்ற சந்தேகம் வரலாம், அந்த இடத்தில் எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் படிய வாய்ப்பு உண்டு. பிரேக் ஆயில் மெல்லியதாக, வெளிர் மஞ்சளாக இருக்கும், பழையது காப்பி நிறத்துக்குப் போகும், தண்ணீர் விட்டால் கரைந்து ஓடிவிடும். கியர் ஆயில் மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை அடிக்கும். டீசல் எஞ்சின் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கும், தண்ணீரில் கரையாது.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்யுங்கள், மொத்த விவகாரத்தையும் தீர்த்து வைப்பது இதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்லேவ் சிலிண்டரில் இருந்து வெளியே வந்து ஃபோர்க்கை, அதாவது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கையை, அழுத்துகிற கம்பியைப் பாருங்கள். அநேகக் கார்களில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். காலையில் முதல் மிதியில் கொஞ்சமாக நகர்ந்து, நாலாவது மிதியில் நிறைய நகர்ந்தால் கோளாறு வெளியே, ஆயில் லைனில். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே கம்பி மெல்ல மெல்லப் பின்வாங்கினாலும் அப்படித்தான். கம்பி முழுதாக நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்று, அப்படியும் எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை என்றால் மட்டும்தான் கோளாறு உள்ளே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம், "அந்தக் கம்பி எவ்வளவு நகருது, பார்த்தீங்களா அண்ணே?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார், குனிந்து பார்ப்பார்.

வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலும் கோளாறு இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் முன்பக்க சீல் தேய்ந்துவிட்டால், அழுத்தப்பட்ட ஆயில் சீலைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிவிடும். டப்பாவில் அளவு குறையாது, எங்கேயும் ஈரம் தெரியாது, ஆனால் பெடல் காலுக்கு அடியில் பைய இறங்கும். நெல்லை குலவணிகர்புரம் கேட்டில் ரயிலுக்கு நிற்கும்போது சிலர் முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் வண்டி தானாக முன்னால் உந்தினால் இந்தக் கோளாறுதான். வீட்டில் சோதிப்பதானால் சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு செய்யுங்கள். இந்தக் கோளாறு இருக்கும்போது மட்டும் அல்ல, எப்போதுமே கேட்டில் நியூட்ரலுக்குப் போய்விடுவது நல்லது. மிதித்தே நிற்பது ரிலீஸ் பேரிங்கைத் தின்கிறது.

சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் காலையில் நன்றாக இருந்து, பாபநாசத்தில் இருந்து கரையார் ஏறி முடித்த பிறகோ, மத்தியான வெயிலில் நெல்லை டவுன் ரத வீதிகளில் ஊர்ந்த பிறகோ பெடல் இளகிப்போகும். வண்டி ஆறினால் சரியாகும். இது பெரும்பாலும் பழைய ஆயிலின் வேலை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கிளட்ச் குழாய் சூடான சைலன்சர் குழாய்க்கும் டர்போவுக்கும் பக்கத்தில் போகிற வண்டிகளில் ஆயில் உள்ளேயே ஆவியாகிப் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை அண்டாது. பிரேக்குக்கு மாற்றும்போது கிளட்ச் லைனையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பல இடங்களில் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஆயில் விஷயத்தில் இன்னும் ஒன்று. டப்பாவின் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ அவசரத்துக்கு ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். அப்புறம் கிளட்ச் மட்டும் இல்லை, ஒரே டப்பா என்றால் பிரேக்கின் சீல்களும் சேர்ந்து போகும். பிரித்து வைத்துப் பல மாதம் ஆன பாட்டிலையும் ஊற்றாதீர்கள், அது அலமாரியிலேயே ஈரம் குடித்திருக்கும்.

காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் போதும். ஸ்லேவ் சிலிண்டரில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, ஆயிலும் குமிழும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று உள்ளேயே திரும்பும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். நடுவில் டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டிலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது. குமிழ் நின்று, பெடல் கெட்டியானால் முடிந்தது.

ஆனால் காற்று எடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூடிய லைனுக்குள் காற்று சும்மா புகாது. ஒரு வாரத்தில் பெடல் திரும்ப இளகினால் ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது. வாஷர் கிட் (சிலிண்டருக்குள் போடும் ரப்பர் சீல்கள்) மட்டும் மாற்றலாமா, சிலிண்டரையே மாற்றலாமா என்பதில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி போல இருந்தால் கிட் போதும். விரல் நகத்தால் தடவும்போது கோடு தட்டுப்பட்டாலோ, துருக் குழி தெரிந்தாலோ கிட் போடுவது வீண், புது ரப்பரையும் அந்தக் கோடு கொஞ்ச நாளில் அறுத்துவிடும். பத்து வருட வண்டியில் மாஸ்டர் போயிருந்தால் ஸ்லேவையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்வேன். இரண்டும் ஒரே வயது, ஒன்றை மாற்றி அழுத்தம் கூடியதும் மற்றது விடுவது வழக்கம்.

உங்கள் வண்டியில் வெளியே ஸ்லேவ் சிலிண்டரே காணவில்லை, குழாய் நேராகக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் போகிறது என்றால் கதை வேறு. சில கார்களில் ஸ்லேவும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே உருப்படியாக ஷாஃப்ட்டைச் சுற்றி உள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற கூட்டின் அடியில் பிரேக் ஆயில் சொட்டும். அப்போது இறக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. ஆனாலும் முதலில் மாஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

கேபிள் வண்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மாருதி 800, ஆல்ட்டோ எல்லாம் நம் பக்கம் இன்னும் நிறைய ஓடுகின்றன. அதில் ஆயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. பெடல் இளகுவது, கனப்பது இரண்டுமே பெரும்பாலும் கேபிளிலும் ஃபோர்க் ஷாஃப்ட்டிலும்தான். பெடல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனால், கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நறநறவென்று வந்தால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன, ஒருநாள் நடுரோட்டில் மொத்தமும் அறும். உவரி, இடிந்தகரை பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டிகளில் கேபிள் சீக்கிரமே துருப்பிடிக்கும். கேபிளுக்கு எண்ணெய் விடுவதிலும் கவனம் வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளுக்கு எண்ணெய் தேவையில்லை, விட்டால் தூசி ஒட்டி இன்னும் இறுகும். கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தும் பெடல் கனமாகவே இருந்தால் கியர்பாக்ஸில் உள்ள ஃபோர்க் கையைத் தனியாக ஆட்டிப் பாருங்கள், அதன் புஷ் காய்ந்து இறுகியிருக்கலாம். அதுவும் நன்றாக இருந்தால் பிளேட் தேய்ந்து டயாஃப்ரம் ஸ்ப்ரிங் கடினப்பட்டிருக்கும்.

கேபிளில் ஃப்ரீ ப்ளே என்று ஒன்று இருக்கிறது. பெடலை விரலால் அழுத்தினால் எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் சும்மா நகர்கிற தூரம் அது. பல வண்டிகளில் 15 முதல் 25 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக் கையேட்டில் சரியான அளவு இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ப்ளே குறையும், பெடல் மேலே வந்து பிடிக்கும். ப்ளே பூஜ்யம் ஆகிவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். பிக்கப் இல்லை என்று வந்த ஆல்ட்டோவுக்கு கேபிள் நட்டை நாலு சுற்று இளக்கிவிட்டதும் சரியான கதையெல்லாம் உண்டு. ப்ளே அதிகமானால் பிடி முழுதாக விடாது, ரிவர்ஸ் உரசும்.

கேபிள் மலை ஏற்றத்தில் அறுந்துவிட்டால் பதற வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடித்தால் வண்டி குலுங்கி நகர்ந்து ஸ்டார்ட் ஆகும். அதே கியரில் ஊர்ந்து, ஓரமாக நிறுத்த இடம் உள்ள வளைவு வரை போய்விடலாம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

ஸ்லிப் பற்றிச் சுருக்கமாக. நாலாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் சரேலென்று ஏறி, வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் ஸ்லிப். டர்போ டீசலில் 2000 ஆர்.பி.எம். சுற்றுவட்டத்தில்தான் இழுவிசை அதிகம், அதனால் அங்கே, பெரிய கியரில்தான் முதலில் தெரியும். நின்ற இடத்தில் சோதிக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கையும் மிதித்தபடி மூன்றாவது கியரில் கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிடி இருக்கிறது. நிற்காமல் இழுத்துக்கொண்டே ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் கருகும். மணிமுத்தாறு அணை தாண்டி மாஞ்சோலை ஏறுகிற பாதையில் வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களின் பிளேட்டுகள்தான் இந்தச் சோதனையில் முதலில் தோற்கும்.

சத்தத்தை வைத்தும் நிறையக் கண்டுபிடிக்கலாம். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் போகிறது என்றால் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது சத்தம் வருகிறது, மிதித்தால் போகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு கிளட்ச் செட்டை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று முழிக்கிறவர்கள் உண்டு. கீச்கீச்சென்று காலடியிலேயே கேட்டால் பெடல் புஷ் காய்ந்திருக்கிறது, கிரீஸ் வைத்தால் போதும்.

வண்டி கிளம்பும்போது உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டில் திட்டுத்திட்டாகக் கடினப்பட்டிருக்கலாம், அல்லது எஞ்சின் மவுண்ட் கிழிந்திருக்கலாம். மவுண்ட்டை முதலில் பாருங்கள். திசையன்விளை பக்கத்துத் தேரி மணலில் ஓடுகிற வண்டிகளில் ஃபோர்க் நுழையும் இடத்து ரப்பர் கிழிந்திருந்தால் தூசி உள்ளே போய் உதறலைக் கூட்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகியதில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. வாரக்கணக்கில் அப்படியே கிடந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் சாதாரணமாக இறங்கி ஏறும், ஸ்லேவ் கம்பி முழுதாக நகரும், ஆனால் எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழாது. இதற்கு உடனே இறக்கத் தேவையில்லை. திறந்த மைதானத்தில், அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருவர் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கியரிலேயே ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்து உதறினால் பல நேரம் டப்பென்று விட்டுவிடும். வெள்ளத்தில் நின்ற பழைய காரை வாங்கப் போகிறீர்கள் என்றால் ரிலீஸ் பேரிங் சத்தத்தையும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் புகுந்த கிரீஸ் உடனே காட்டாது, சில மாதம் கழித்துத்தான் கத்தும்.

எல்லாச் சோதனையும் முடிந்து உண்மையிலேயே இறக்க வேண்டி வந்தால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள், அங்கே கசிவு இருந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடிக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டு இருந்தால் லேத்துக்கு அனுப்பலாமா, மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சில டீசல் கார்களில் இரட்டை ஃப்ளைவீல் வரும், அதைப் பெரும்பாலும் லேத்தில் கடைய முடியாது. கழற்றிய பழைய உருப்படிகளைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். பழைய பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேலே நல்ல கனம் மிச்சம் இருந்தால், அது தேய்ந்து போகவில்லை.

உங்கள் வண்டிக்கு, தம்பி, இந்த வரிசையில் போங்கள்: மேட், டப்பாவின் அளவு, பெடலுக்கு அடியில் ஈரம், ஸ்லேவ் தொப்பிக்குள் ஈரம், கம்பி நகரும் தூரம். நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், முதல் மிதிக்கே அந்தக் கம்பியைப் பாருங்கள். ஓட்டிச் சூடான பிறகு பார்த்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். டப்பாவில் அளவு குறைந்திருந்தால், ஒழுகும் இடம் தெரிகிற வரை வண்டியை பாபநாசம் பக்கம் மலைக்கு எடுக்காதீர்கள், பிரேக்கும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. பார்த்துவிட்டு, ஈரம் எந்தப் பக்கம் இருந்தது, முதல் மிதியில் கம்பி எவ்வளவு நகர்ந்தது, நாலாவது மிதியில் எவ்வளவு என்று எழுதுங்கள். மாஸ்டரா ஸ்லேவா என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.